ஏழரை மணிக்கு ஒரு ருசி, ஒன்பதரைக்கு வேறு ருசி: வட சென்னை பார்பிக்யூ கடைகள், நீண்ட நாள் அனுபவம்

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்து பார்பிக்யூ, அல்ஃபாம் (கரித் தணலில் சுடும் முழுக் கோழி) கடைகளில் வருஷக்கணக்காகச் சாப்பிட்டுப் பார்த்ததில் தெரிந்துகொண்டது இது. கடைப் பெயர் எதுவும் இதில் இல்லை. அதே கடை, அதே மாஸ்டர், அதே மசாலா, ஆனால் ஏழரைக்கு வரும் தட்டும் ஒன்பதரைக்கு வரும் தட்டும் வேறு வேறாக இருக்கும். எந்தக் கடை என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதில்தான் பாதி ருசி இருக்கிறது.

காரணம் கரி. பற்றவைத்த கரி முழுக்கப் பிடித்து, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்துத் தணலாக அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். அதற்கு முன் வைக்கிற சிக்கனில் தீ நாக்கு நேராகப் படும். மசாலா கருகும், உள்ளே வேகாது. கடை திறந்ததும் முதல் ஆளாகப் போவதில் லாபம் இல்லை. தணல் சீராகி, கூட்டமும் சேராத நேரம்தான் சரியான நேரம். பெரும்பாலான கடைகளில் அது ஏழிலிருந்து எட்டே கால் வரை.

எட்டரைக்கு மேல் இரண்டு தப்பு நடக்கும். ஆர்டரைச் சமாளிக்க முக்கால் வேக்காட்டில் எடுத்து ஓரமாக அடுக்கிய பீஸை, டோக்கன் வந்ததும் ஐந்து நிமிடம் சூடு காட்டிக் கொடுப்பார்கள். லெக் பீஸ் அதைத் தாங்கும், அதில் கொழுப்பு உண்டு. செஸ்ட் பீஸ் நார் நாராகக் காய்ந்துவிடும். அடுத்தது, தணல் குறைந்ததும் புதுக் கரியைக் கொட்டி, அது பிடிப்பதற்குள் சிக்கனை மேலே வைப்பது. அந்தப் புகை நாக்கில் கசக்கும். தாமதமாகப் போக நேர்ந்தால், "அண்ணே, லெக்கா வைங்க, அவசரமில்ல, நல்லா வேகட்டும்" என்று சொல்லிவிடுங்கள். அவசரமில்லை என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மாஸ்டரிடம் மரியாதை உண்டு.

உட்காருவதற்கு முன் அடுப்புப் பக்கம் ஒரு நிமிடம் நில்லுங்கள். பச்சைச் சிக்கனை எடுக்கிற இடுக்கியாலேயே வெந்ததையும் எடுக்கிறார்களா? அப்படியென்றால் எவ்வளவு ருசியாக இருந்தாலும் அந்தக் கடை வேண்டாம். பச்சைக் கறியில் இருக்கும் கிருமி வெந்த பீஸுக்குப் போக அந்த ஒரு இடுக்கி போதும்.

தட்டு வந்ததும் தொடையும் கால் எலும்பும் சேரும் மூட்டைப் பிரித்துப் பாருங்கள், கடைசியாக வேகும் இடம் அதுதான். எலும்பை ஒட்டி லேசாகச் சிவந்திருந்தாலே பச்சை என்று தட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம். பிராய்லர் கோழி ஐந்தாறு வாரத்தில் வெட்டப்படுகிறது. எலும்பு முற்றியிருக்காது, மஜ்ஜையின் நிறம் சூட்டில் வெளியே கசியும். சதையை விரலால் இழுங்கள். நார் பிரிந்து எலும்பைவிட்டுக் கழன்று வந்தால் வெந்திருக்கிறது. ரப்பர் மாதிரி வழுக்கி, கண்ணாடிபோல் பளபளத்து, சாறும் சிவப்பாக வடிந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். மூட்டுக்குள் 74 டிகிரி செல்சியஸ் சூடு ஏறியிருக்க வேண்டும் என்பது கணக்கு.

அல்ஃபாம் என்றால் அரபியில் கரி. முழுக் கோழியை முதுகில் பிளந்து விரித்து, கம்பி வலைக்குள் அழுத்தித் திருப்பித் திருப்பிச் சுடுவார்கள். பச்சையிலிருந்து சுட 30 முதல் 40 நிமிடம் வேண்டும். பத்து நிமிடத்தில் மேசைக்கு வந்தால் அது ஏற்கெனவே வெந்து காத்திருந்த பீஸ். கண்ணாடிப் பெட்டிக்குள் கம்பியில் சுற்றுகிற கிரில் சிக்கன் வேறு சமாச்சாரம். அதில் மேலே இருக்கும் கோழியின் கொழுப்பு கீழே இருப்பதன் மேல் சொட்டும். கீழ்க்கம்பியில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள், ஈரம் அதிகம்.

மாட்டுக்கறி சீக் கபாபில் கவனிக்க வேண்டியது பப்பாளிக்காய் அரைப்பு. கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, இரண்டு மணி நேரம் ஊறினால் கறி மெத்தென்று கடிபடும். முந்தின நாளே ஊறப்போட்டதென்றால் வாயில் மாவாகக் கரையும். அதை மிருதுவென்று பாராட்ட வேண்டாம். கடிக்கக் கறியே இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

மீன் சுடச் சொன்னால் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலான முழுச் சங்கராவோ கொடுவாவோ நல்லது. வஞ்சிரம் துண்டு வறுவலுக்கு ராஜா, தணலில் காய்ந்துபோகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, ஃபைபர் படகில் வருகிற கரையோர மீன்தான் புதிது. அந்த நாட்களில் பெரிய மீன் என்றால் பெரும்பாலும் ஐஸில் பயணம் செய்து வந்ததுதான். செவுளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

புரட்டாசியில் கூட்டம் பாதியாகக் குறையும். மேசை உடனே கிடைக்கும், ஆனால் சரக்கு நகராது. தயிர் மசாலாவில் இரண்டு நாள் கிடந்த கறி புளித்துக் குழைந்திருக்கும். அந்த மாதம் சின்னக் கடைகளைத் தவிர்ப்பது நல்லது. புரட்டாசி முடிந்த முதல் ஞாயிறு நேர் எதிர்: சரக்கு புதிது, மேசை கிடைப்பது பெரும்பாடு. ஆறே முக்காலுக்கே போய் டோக்கன் போடுங்கள். ஆடித் தள்ளுபடி, தீபாவளி வாரங்களில் வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடைத்தெருவான எம்.சி. ரோட்டை ஒட்டிய கடைகளிலும் இதே நிலைதான்.

தொட்டுக்கொள்ளத் தரும் மயோனைஸையும் கவனியுங்கள். பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை போட்டது. பால் அல்லது சோயாவில் செய்ததா என்று கேளுங்கள். எதுவானாலும் குளிர்பெட்டியிலிருந்து வர வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் வாளியில் திறந்திருந்தால் தொடாதீர்கள், பூண்டுச் சட்னி போதும்.

பில்லில் 5 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கலாம். சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம், அது கட்டாயம் கிடையாது.

பார்சல் என்றால் ஃபாயில் டப்பாவை இறுக மூடவேண்டாம் என்று சொல்லுங்கள். ஆவி தங்கினால் பத்தே நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். ரூமாலி ரொட்டியையும் மயோனைஸையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லி, வீட்டுக்குப் போனதும் சாப்பிட்டுவிடுங்கள். மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். மறுநாள் சதையைப் பிய்த்து, வெங்காயம், மிளகு போட்டு ஆவி பறக்கப் பிரட்டினால் தோசைக்கு அருமையாக இருக்கும்.