கேலக்டஸுக்கு இரண்டு வழி, ஹீ-மேனுக்கு மூன்றாவது

மார்வெல் காமிக்ஸ் பாத்திரங்களைப் பொம்மைகளாக்கும் மார்வெல் லெஜண்ட்ஸ் வரிசையில், கோள்களையே விழுங்கும் ராட்சதனான கேலக்டஸ் இரண்டு வழிகளில் வந்திருக்கிறார். 2005-இல் டாய் பிஸ் நிறுவனம் அவரைத் துண்டுகளாகப் பிரித்து, மற்ற பொம்மைகளின் பெட்டிகளில் ஆளுக்கொரு துண்டாக வைத்தது. எல்லாவற்றையும் வாங்கினால் கேலக்டஸ் முழுதாவார். 2021-இல் இன்னொரு பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ அவரையே 32 அங்குல உயரத்தில், 400 டாலர் விலையில் அறிவித்தது. 14,000 பேர் முன்பதிவு செய்தால்தான் தயாரிப்போம் என்றது. அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பதிவு சேர்ந்தது.

ஒரு புது உருவத்துக்கு எஃகு அச்சு வெட்டும் செலவு, முதல் பொம்மை விற்கும் முன்பே கையை விட்டுப் போய்விடும். அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்ற பயத்தை யார் தலையில் வைப்பது? ஒரு வரிசை எப்படி வளரும் என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

துண்டு முறையில் பயத்தின் பெரும்பங்கு கடைக்காரருக்கு. அவர் பெட்டிக் கணக்கில் எடுப்பார். ஸ்பைடர்-மேன் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த முகம் இருந்தால்தான் அவருக்குத் தைரியம் வரும். அந்த முகத்தின் நிழலில், காமிக்ஸ் படித்தவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒருவரும் கடைக்கு வந்துவிடுவார். அருமையான ஏற்பாடு. ஆனால் ஏற்கெனவே நம்மிடம் நாலு ஸ்பைடர்-மேன் இருந்தாலும், இடது கால் அவர் பெட்டியில் இருந்தால் ஐந்தாவதையும் வாங்கத்தான் வேண்டும்.

மேட்டல் நிறுவனம் 2008-இல் தொடங்கிய, ஹீ-மேனும் அவர் கூட்டாளிகளும் எதிரிகளும் அடங்கிய மாஸ்டர்ஸ் ஆஃப் தி யுனிவர்ஸ் கிளாசிக்ஸ் வரிசை வேறு வழியில் போனது. கடையே வேண்டாம், இணையத்தில் நேரடி விற்பனை; அப்புறம் ஆண்டுச் சந்தாவும் சேர்ந்தது. மாதந்தோறும் உருவம் வீட்டுக்கு வரும். ஒரே உடல் அச்சைப் பல பேருக்குப் பயன்படுத்தி, தலை, கவசம், ஆயுதம் மட்டும் புதிதாகச் செய்தார்கள். 1982-இல் வந்த பழைய வரிசையும் இப்படித்தான் உருவானது என்பதால், இதில் சிக்கனத்தோடு விசுவாசமும் இருந்தது. எத்தனை பேர் வாங்குவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்ததால், யாருக்கும் நினைவில்லாத துணைப் பாத்திரங்களுக்கும் துணிந்து இடம் கொடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே 1980-களின் வரிசையில் ஏறக்குறைய எல்லோரும் வந்து சேர்ந்தார்கள்.

வரிசை முழுமையாக வேண்டும் என்று கேட்கிறவருக்கு இதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை. சந்தாதாரர், வரப்போவது யாரென்று முழுதாகத் தெரியாமலே பணம் கட்ட வேண்டியிருந்தது. அது உண்மையான பாரம்தான். சந்தா சேராவிட்டால் வரிசையே நிற்கும் என்ற கவலையும் ஒவ்வோர் ஆண்டும் தொடர்ந்தது.

ஹாஸ்ப்ரோவின் முன்பதிவுத் திட்டமான ஹாஸ்லேப், வரிசையை வளர்க்கும் கருவி அல்ல. கடை அலமாரியில் அடங்காத ஒரு பிரம்மாண்டத்துக்கு மட்டுமே அது பொருந்தும். 2018-இல் ஸ்டார் வார்ஸின் ஜப்பா படகு 500 டாலர் விலையிலும் 5,000 பேர் என்ற இலக்கைத் தாண்டியது. 2021-இல் அதே ஸ்டார் வார்ஸின் ராட்சத விலங்கான ரான்கருக்கு 9,000 பேர் தேவைப்பட்டார்கள். சேரவில்லை. கடை முறையில் ஒரு உருவம் சரியாக விற்காவிட்டால் தள்ளுபடியிலாவது நம் கைக்கு வரும். அந்த ரான்கர் பிறக்கவே இல்லை.