வெளியிடத்தில் பால் கொடுக்க எது வசதி: கவரா, இரண்டு அடுக்கு உடையா, தனி அறையா?

கைக்குழந்தையோடு வெளியே போகும் தாய்க்குப் பால் கொடுக்க நாலைந்து வழிகள் உண்டு. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நர்சிங் கவர், கவர் எதுவும் இல்லாமல் இரண்டு அடுக்கு உடை, குழந்தையை உடலோடு சேர்த்துக் கட்டும் ஸ்லிங், பாலூட்டும் அறை, வீட்டிலேயே பம்ப் செய்து எடுத்துப் போகும் பால். நான் கடைசியில் நிலைத்தது இரண்டு அடுக்கு உடையில். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். மற்றவற்றில் எனக்குப் பழக்கம் குறைவாக உள்ளதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் ஒதுக்கிவிடலாம். கவர் மறைக்கும். அறைக்குள் யாரும் பார்க்க மாட்டார்கள். புட்டியில் கொடுத்தால் உடையைத் தொடவே வேண்டாம். மறைப்பு ஒன்றுதான் தேவை என்றால் பேச்சு இதோடு முடிந்தது. ஆனால் வெளியே உட்கார்ந்து பால் கொடுக்கும்போது சங்கடம் சரியாக எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது.

குழந்தை சரியாகக் கவ்வி உறிஞ்ச ஆரம்பித்துவிட்டால் வெளியே தெரிய அநேகமாக ஒன்றுமே இல்லை. காம்பும் அதைச் சுற்றிய கருவட்டத்தில் பெரும்பகுதியும் குழந்தையின் வாய்க்குள் போய்விடும். மிச்சத்தைக் கன்னமும் தலையும் மறைத்துக்கொள்ளும். எதிரே இருப்பவர் கண்ணுக்கு அது மடியில் படுத்திருக்கும் ஒரு குழந்தை, அவ்வளவுதான். கவ்வுவதற்கு முன்னால் சில நொடி, வாயை எடுத்தபின் சில நொடி, இந்த இரண்டு இடைவெளிகள்தான் தெரிகிற நேரம். இதில் முதலாவது அரை நிமிடமாக, ஒரு நிமிடமாக நீண்டு, அதற்குள் குழந்தை வீறிட்டு எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தால்தான் வியர்த்துப் போகிறது. வெளியிடத்தில் தலைகள் திரும்புவது பெரும்பாலும் அழுகைச் சத்தத்துக்குத்தான். சத்தம் இல்லாமல் பால் குடிக்கும் குழந்தையைப் பலர் கவனிப்பதுகூட இல்லை.

ஆகவே நான் எல்லா வழிகளையும் ஒரே கேள்வியால் எடை போடுகிறேன். குழந்தைக்குப் பசி என்று தெரிந்ததிலிருந்து அது கவ்வும் வரை எவ்வளவு நேரம் ஆகிறது, அதற்கு எத்தனை கை வேண்டியிருக்கிறது?

இந்த நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பசி வந்தவுடனே குழந்தை அழுவதில்லை. முதலில் கையை வாய்க்குக் கொண்டுபோகும், உதட்டைச் சப்பும், தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடும், அப்புறம் சிணுங்கும். அழுகை கடைசி அறிகுறி. அழுகிற குழந்தை உடம்பை விறைத்துக்கொள்கிறது, நாக்கை மேலே தூக்கிக்கொள்கிறது. அந்த நிலையில் அதற்குக் கவ்வ வராது. முதலில் தோளில் போட்டுத் தட்டி அமைதிப்படுத்த வேண்டும், பிறகுதான் பால். தாமதம் தாமதத்தைக் கூட்டிக்கொண்டு வரும்.

தாய் பக்கத்திலும் இதே கதைதான். பாலை உற்பத்தி செய்ய வைக்கும் ஹார்மோன் புரோலாக்டின். உற்பத்தியான பாலைக் காம்பு நோக்கித் தள்ளுவது ஆக்ஸிடோசின். பதற்றமும் வலியும் இந்த இரண்டாவதைத்தான் தற்காலிகமாகத் தடுக்கின்றன. பால் வற்றிவிடுவதில்லை, இறங்கி வரத்தான் நேரமாகிறது. குழந்தை உறிஞ்சிப் பார்த்து, வராமல் வாயை எடுத்து அழும். அதைப் பார்த்துத் தாய்க்கு இன்னும் பதற்றம். வீட்டில் நன்றாகக் குடிக்கும் குழந்தை வெளியே போனால் முரண்டு பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கவருக்கு வருவோம். பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. ஒரு கை அதைத் தாங்க வேண்டும், இன்னொரு கை மார்பைப் பிடிக்க வேண்டும். கவரைச் சரிசெய்ய மூன்றாவது கைக்கு எங்கே போவது? அதைவிடப் பெரிய சிக்கல் பார்வை. புதிதாகப் பழகும் தாய் குழந்தையின் வாயைப் பார்த்தாக வேண்டும். வாய் அகலமாகத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கிறதா, மோவாய் மார்பில் பட்டிருக்கிறதா என்றெல்லாம் கவனிக்க வேண்டிய காலம் அது. துணிக்கு அடியில் குத்துமதிப்பாகக் கொடுத்தால் குழந்தை காம்பின் நுனியை மட்டும் கவ்விக்கொள்ளும். அப்படி நாலு வேளை போனால் காம்பு புண்ணாகிவிடும். கழுத்துப் பட்டியில் வளைவான கம்பியோ விறைப்பான பட்டையோ வைத்த கவர்கள் இதற்காகவே வந்தவை. மேலே ஒரு வாய் திறந்திருக்கும், குனிந்தால் குழந்தையைப் பார்க்கலாம், காற்றும் உள்ளே போகும். கவர்தான் என்று முடிவு செய்தால் அந்த வகையை, மெல்லிய பருத்தியில் வாங்குங்கள். தடித்த துணிக்குள் வெக்கை சேரும். குடித்து முடித்துத் தூங்கிவிட்ட குழந்தையின் முகத்துக்கு மேல் துணியை அப்படியே விட்டுவைக்கவும் கூடாது.

மூன்று நான்கு மாதம் தாண்டியதும் பல குழந்தைகளுக்குக் கவர் ஒரு விளையாட்டுச் சாமான். கையால் பிடித்து இழுக்கும், காலால் உதைக்கும். மறைக்கப் போட்ட துணியே ஆடி ஆடி, என்ன நடக்கிறது என்று அறிவித்துக்கொண்டிருக்கும்.

ஆனாலும் கவருக்கு ஒரு இடம் உண்டு. மறைப்பு இல்லாமல் வெளியே உட்காரவே முடியாது என்று மனம் இறுகிக்கிடக்கும் தாய்க்கு, அந்தத் துணி தரும் நிம்மதியே பால் இறங்க உதவும். மேலே சொன்ன ஆக்ஸிடோசின் கணக்கு இங்கே கவருக்குச் சாதகம். அவர்களிடம் போய் ‘தைரியமாக இரு, கவரைத் தூக்கிப் போடு’ என்று சொல்வது உபகாரம் ஆகாது.

இனி நான் சார்ந்த கட்சி. இரண்டு அடுக்கு என்றால், உள்ளே கழுத்து இழுபடும் பனியனோ பட்டை வைத்த உள்சட்டையோ, வெளியே தொளதொளவென்று ஒரு மேல்சட்டை. மேல்சட்டையை மேலே தூக்க வேண்டும், உள்சட்டையைக் கீழே இறக்க வேண்டும். மேல்சட்டை மார்பின் மேற்பகுதியில் தானாக விழுந்துகொள்ளும். உள்சட்டை வயிற்றையும் இடுப்பையும் மூடியிருக்கும். நடுவில் திறந்திருக்கும் கொஞ்ச இடத்தைக் குழந்தையின் முகம் அடைத்துவிடும். வெளியே பால் கொடுக்கத் தயங்குகிறவர்களில் சிலருக்கு மார்பு தெரிவதைவிடப் பிரசவத்துக்குப் பிந்தைய வயிறு தெரிவதுதான் பெரிய கூச்சம் என்று கேட்டிருக்கிறேன். எனக்கும் அப்படித்தான். அதை உள்சட்டை ஒன்றே தீர்த்துவிட்டது.

என் கேள்விக்கு இங்கே நல்ல பதில் கிடைக்கிறது. குழந்தையைத் தாங்கும் கை தாங்கியபடியே இருக்க, மற்ற கை ஒன்றே வேலையை முடித்துவிடும். ஆனால் இதற்குப் பழக்கம் வேண்டும். வீட்டில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து செய்து பாருங்கள். எதிரே இருப்பவருக்கு உண்மையில் என்ன தெரிகிறது என்று கண்ணால் கண்டுவிட்டால் பாதிக் கூச்சம் அங்கேயே போய்விடும். மேலிருந்து குனிந்து பார்க்கும் தாய்க்கு எல்லாமே தெரிவதால், ஊருக்கே தெரிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். எதிரில் இருப்பவரின் கோணம் வேறு.

வாங்கும்போது சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். நர்சிங் பிராவின் கொக்கியை ஒரே கையால் திறக்க மட்டும் வந்தால் போதாது, மூடவும் வர வேண்டும். பல கொக்கிகள் திறக்க எளிது, மூடத்தான் இரண்டாவது கை கேட்கும். அப்போது கையில் தூங்கிப்போன குழந்தை இருக்கும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள், எனக்குச் சரிப்படவில்லை. மேலிருந்து திறந்தால் மறைய வேண்டியதுதான் முதலில் தெரியும். கீழ்ப் பொத்தான்களை மட்டும் திறப்பதானால் அது வெறும் மேல்சட்டை மாதிரியே ஆகிவிடுகிறது, பொத்தானே வேண்டாம். நிறத்தில் அடர்த்தியான பூப்போட்ட துணி நல்லது. ஒரு பக்கம் குழந்தை குடிக்கும்போது மறுபக்கமும் பால் கசியும், வெளிர் நிறத்தில் ஈரம் பளிச்சென்று தெரியும். கசிவை உறிஞ்ச பிராவுக்குள் வைக்கும் நர்சிங் பேட் இல்லாத நேரத்தில் முன்கையால் அந்தப் பக்கத்தைச் சற்று அழுத்திப் பிடித்தால் கசிவு மட்டுப்படும்.

உட்காரும் இடமும் உடையின் ஒரு பகுதி என்றே சொல்வேன். முதுகுக்குச் சாய்மானமும் ஒரு பக்கம் சுவரும் உள்ள மூலை நாற்காலி நல்லது. கவ்வும் வரை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, பிறகு நேராகத் திரும்பிவிடலாம். கூட வந்தவர் அந்த அரை நிமிடம் எதிரே நின்று பேச்சுக் கொடுத்தால் அதைவிட நல்ல திரை வேறில்லை. முடிக்கும்போது குழந்தையை வெடுக்கென்று இழுக்காமல், வாயோரத்தில் விரலை நுழைத்துப் பிடியை விடுவித்து, அதே நொடியில் மேல்சட்டையை இறக்கிவிடுங்கள். உள்சட்டையைப் பிறகு நிதானமாகச் சரிசெய்துகொள்ளலாம்.

குறைகளும் உண்டு. ஒரே துண்டாக வரும் நீள உடைகளை மாதக்கணக்கில் மறந்துவிட வேண்டும். வெயிலில் இரண்டு அடுக்கு புழுங்கும். மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கு மேல்சட்டை சரியாக விழுந்து நிற்பதில்லை, இன்னொரு கை தேவைப்படுகிறது என்று தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். என் உடல்வாகை வைத்து அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஸ்லிங் எனக்கு அரைகுறைப் பழக்கம்தான். நடந்துகொண்டே கொடுக்கலாம், பார்ப்பவருக்குக் குழந்தை தூங்குவது போலத்தான் இருக்கும் என்பது உண்மை. ஆனால் கட்டைத் தளர்த்தி, குழந்தையைக் கீழிறக்கி, கோணம் பார்த்துக் கொடுக்க நிறையத் தேர்ச்சி வேண்டும். பாதுகாப்பில் சமரசம் கூடாது. குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மூக்கு அழுந்தக் கூடாது, மோவாய் நெஞ்சில் மடிந்துவிடக் கூடாது. குடித்து முடித்ததும் முத்தமிடும் உயரத்துக்குத் திரும்பத் தூக்கிக் கட்டிவிட வேண்டும். பச்சிளம் குழந்தைக்கு இதில் ஒரு கவனப்பிசகும் ஆபத்து என்பதால் ஆரம்பத்தில் யாருக்கும் நான் இதைச் சொல்வதில்லை.

பாலூட்டும் அறை சுத்தமாக, நாற்காலியோடு, பக்கத்திலேயே இருந்தால் அருமை. ஆனால் பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்கும். ஒவ்வொரு தடவையும் அறை தேடிப் போக வேண்டும் என்றால் வெளியே போவதையே நிறுத்திவிடத் தோன்றும். என் கேள்விப்படி இதுதான் மிக மெதுவான வழி. அறையைக் கண்டுபிடிப்பதற்குள் சிணுங்கல் அழுகையாகிவிடும். கழிப்பறையை இந்தக் கணக்கிலேயே நான் சேர்க்கவில்லை. நாம் யாரும் அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஆனால் நான்கைந்து மாதத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் வாயை எடுத்துத் திரும்பிப் பார்க்கும் ஒரு கட்டம் வரும் பாருங்கள், அப்போது எந்த உடையும் உதவாது. மங்கிய வெளிச்சமுள்ள அமைதியான அறை மட்டுமே உதவும். பம்ப் செய்யவும் அறைதான் வேண்டும்.

அறை இருக்கிறது என்பதற்காக அங்கேதான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் அது வேறு விஷயம். ஸ்காட்லாந்தில் 2005இல் வந்த சட்டப்படி, பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பதை வேண்டுமென்றே தடுப்பது குற்றம். எல்லா நாட்டிலும் இவ்வளவு தெளிவாக எழுதிவைக்கவில்லை. யாராவது குறை சொன்னால் ‘குழந்தைக்குப் பசிக்கிறது’ என்று நிமிர்ந்து பார்த்துச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. வாதம் ஆரம்பித்தால் பால் இறங்காது.

எடுத்துப் போகும் பாலில் நான் அனுபவசாலி இல்லை. கறந்த பால் 25 டிகிரி வரையிலான அறை வெப்பத்தில் 4 மணி நேரமும், ஃபிரிட்ஜில் 4 நாளும் தாங்கும். குடித்து மிச்சம் வைத்ததை 2 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். வெப்பம் அந்த 25 டிகிரிக்கு மேல் போனால் ஐஸ் பொதியோடு பை வேண்டும். நடைமுறைச் சிக்கல் வேறு. புட்டியில் ஒரு வேளை கொடுத்தாலும் மார்பு அந்த நேரத்துக்குச் சுரந்துதான் தீரும். காலி செய்யாவிட்டால் கட்டிக்கொண்டு வலிக்கும். அடிக்கடி அப்படி விட்டால் சுரப்பே குறையும். வேலைக்குப் போகும் தாய்க்கும், நேரடியாகக் கவ்வ முடியாத குழந்தைக்கும் இது பெரிய வரம். வெளியிடக் கூச்சத்துக்காக மட்டும் இதை எடுப்பது ஒரு வேலையை இரண்டாக்கிக்கொள்வது.

இரட்டைக் குழந்தைகளுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும் இதில் எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல எனக்கு அனுபவம் இல்லை. வயது கூடினால் தேர்வு மாறும் என்பது மட்டும் நிச்சயம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் மற்ற உணவோடு 2 வயது வரையோ அதற்கு மேலுமோ கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வயதுக்குமேல் குழந்தை ஓரளவு காத்திருக்கும். வீட்டுக்குப் போய்க் கொடுக்கிறேன் என்றால் புரிந்துகொள்ளும், சில நாள் ஒத்துக்கொள்ளவும் செய்யும். ஆனால் இரண்டு அடுக்கு எப்படித் திறக்கிறது என்று அதற்குள் அதுவே கற்றிருக்கும், நாலு பேர் நடுவில் தானாகவே மேல்சட்டையைத் தூக்கும். அந்த வயதில் நான் தொளதொள சட்டைகளை எடுத்துவைத்துவிட்டு, இடுப்பில் செருகிக்கொள்ளும் சட்டைக்கு மாறிவிட்டேன்.