ஒரே பில், இரண்டு ஒப்பந்தம்: ஐரோப்பாவில் ரயில் மாறிப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ரோமிலிருந்து மிலான், மிலானில் மாறி சூரிக். டிக்கெட் விற்கும் ஏதோ ஓர் இணையதளத்தில் தேடினால் இரண்டும் ஒரே வரியில் வருகின்றன. மிலானில் இடைவெளி 35 நிமிடம். கார்டு எண்ணை ஒருமுறைதான் போடுகிறீர்கள், மின்னஞ்சலும் ஒன்றுதான் வருகிறது. முதல் ரயில் ஒரு தனியார் நிறுவனத்துடையது, 29.90 யூரோ. அடுத்தது அரசு ரயில்வேயின் யூரோசிட்டி என்ற பன்னாட்டு ரயில், சலுகைக் கட்டணம் 39 யூரோ. (விலைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. ஏமாறும் விதம் கற்பனை இல்லை.)

பொலோஞாவுக்கு முன்னால் சிக்னல் கோளாறு. மிலானுக்கு 70 நிமிடம் தாமதமாக வந்து சேரும்போது சூரிக் ரயில் போயாகிவிட்டது. அரசு ரயில்வே கவுன்டரில் கேட்டால், "தாமதமானது எங்கள் ரயில் இல்லையே, உங்கள் டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான்" என்பார்கள். தனியார் கவுன்டரில் கேட்டால், "மிலான் வரைதான் எங்கள் பொறுப்பு, கொண்டுவந்து சேர்த்துவிட்டோம், கால் பங்கு இழப்பீடு உண்டு" என்பார்கள். 29.90-இல் கால் பங்கு 7 யூரோ 48 சென்ட். டிக்கெட் விற்ற தளத்துக்கு எழுதினால், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே சாம்பல் நிறப் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டுவார்கள்: இவை தனித்தனிப் பயண ஒப்பந்தங்கள். 39 யூரோ போனது போனதுதான். அடுத்த ரயிலுக்கு அன்றைய முழுக் கட்டணம் கையிலிருந்து.

மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் எரிச்சலான விஷயம்.

நம் ஊரில் ரயில்வே என்றால் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தோடு போகிறவர்களுக்கு, ஒரே தண்டவாளத்தில், ஒரே பிளாட்பாரத்தில், ஒரே நேரப்பலகையில் வரும் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று அடையாளமே கண்டுகொள்ளாது என்பது உறைப்பதில்லை. இத்தாலியில் இத்தாலோ என்ற தனியார் நிறுவனம் 2012 ஏப்ரலில் ஓடத் தொடங்கியதிலிருந்து அரசு நிறுவனமான டிரெனிதாலியாவோடு நேருக்கு நேர் மோதுகிறது. கட்டணம் குறைந்தது, ரயில்கள் பெருகின; பயணிக்கு லாபம்தான். ஆனால் ரோமின் பெரிய நிலையமான ரோமா டெர்மினியில் நிற்கும் டிக்கெட் இயந்திரங்களில்கூட ஒன்றில் மற்றதன் டிக்கெட் கிடைக்காது. அவசரத்தில் முதலில் கண்ணில் பட்ட இயந்திரத்தைத் தொட்டால், பத்து நிமிடத்தில் புறப்படும் போட்டியாளர் ரயில் திரையில் வராது. ஒரு மணி நேரம் கழித்துப் போகும் சொந்த ரயிலைத்தான் காட்டும். டிக்கெட் எடுக்குமுன் நிலையத்தின் பொது நேரப்பலகையைப் பாருங்கள். அதில் எல்லா நிறுவனங்களும் வரும்.

இனி சட்டம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021/782 எண் ஒழுங்குமுறை 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. சேருமிடத்துக்கு 60 முதல் 119 நிமிடம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடமும் அதற்கு மேலும் ஆனால் 50 சதவீதம் இழப்பீடு. 60 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், பணத்தைத் திரும்பப் பெறுவதா, வேறு ரயிலில் போய்ச் சேருவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. இதெல்லாம் எந்தத் தூரத்துக்கு என்பதில்தான் சிக்கல். முழுப் பயணமும் ஒரே ஒப்பந்தமாக, அதாவது 'த்ரூ டிக்கெட்'டாக இருந்தால் சூரிக் வரையான தாமதம் கணக்கில் வரும்; மிலானில் தவறிய இணைப்பு ரயிலுக்கு மாற்று ஏற்பாடு செய்வதும் ரயில்வேயின் வேலை. தனித்தனி ஒப்பந்தமாக இருந்தால் முதல் துண்டுக்கு அதன் இழப்பீடு, அதோடு சரி.

இதே ஒழுங்குமுறையின் 12-ஆம் பிரிவில், பலர் படிக்காமல் விடும் ஓர் ஆயுதம் இருக்கிறது. டிக்கெட் விற்பனையாளரோ சுற்றுலா நிறுவனமோ தாமாகவே இரண்டு டிக்கெட்டுகளை ஒட்டவைத்து, ஒரே பரிவர்த்தனையில் விற்று, அதனால் உங்களுக்கு இணைப்பு ரயில் தவறினால், மொத்தத் தொகையைத் திருப்பித் தருவதோடு அதில் 75 சதவீதத்தை இழப்பீடாகவும் தர வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 68.90 யூரோவும், கூடவே 51.68 யூரோவும். இதிலிருந்து அவர்கள் தப்பிக்க ஒரே வழி, தனித்தனி ஒப்பந்தம் என்பதை வாங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிவித்திருப்பதும், அதை டிக்கெட்டிலோ நீங்கள் சேமித்து வைக்கக்கூடிய வடிவிலோ கொடுத்திருப்பதும். தெரிவித்தோம் என்று நிரூபிக்கும் சுமையும் அவர்களுடையது. அந்தச் சாம்பல் நிற வரி ஏன் அங்கே இருக்கிறது என்று இப்போது புரியும்.

எனவே பணம் கட்டும் பக்கத்தை, கட்டுவதற்கு முன், முழு நீளத்துக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்த வரி அதில் இல்லாவிட்டால் வழக்கு உங்கள் பக்கம். ஒன்று கவனம்: இரண்டு ரயில்களையும் நீங்களே தனித்தனியாகத் தேடிக் கூடையில் போட்டிருந்தால் "தாமாக ஒட்டவைத்தார்" என்ற நிபந்தனை பொருந்தாது. தளமே ஒரே பயணமாகக் காட்டியிருக்க வேண்டும். தேடல் முடிவு வந்த பக்கத்தையும் படமெடுத்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வாங்கும்போதே கண்டுபிடிக்கும் வழி சுலபம். முன்பதிவு எண் எத்தனை என்று பாருங்கள். ஒரே எண் என்றால் பெரும்பாலும் ஒரே ஒப்பந்தம். இரண்டு எண், இரண்டு பி.டி.எஃப், இரண்டு நிறுவனச் சின்னம் என்றால் தனித்தனி. அந்தத் தளத்தின் சொந்த எண் மேலே பெரிதாக இருக்கும். அதை நம்பாதீர்கள், அது கடையின் பில் எண் மாதிரி. உள்ளே போய் ரயில் நிறுவனத்தின் எண்ணைத் தேடுங்கள்.

தனித்தனியாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இடைவெளியைத் தளம் சொல்வதுபோல் வைக்கக் கூடாது. அந்த 35 நிமிடம், பிளாட்பாரம் மாற எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கு. ரயில் தாமதமாகுமா என்ற கணக்கு அதில் இல்லை. மூன்று மணி நேரப் பயணத்துக்குப் பின் குறைந்தது 90 நிமிடம் விடுங்கள். அன்றைய கடைசி ரயிலை இரண்டாவது டிக்கெட்டாக ஒருபோதும் வாங்காதீர்கள். தவறினால் ஹோட்டல் செலவும் சேரும், அதைக் கொடுக்க ஆள் இருக்காது. பெரும்பாலோர் பணத்தை மிச்சம் பிடிக்கும் இடமும் தவறு. முதல் ரயிலுக்கு மாற்றக்கூடிய விலையுயர்ந்த டிக்கெட், இரண்டாவதற்கு மலிவு டிக்கெட் என்று எடுக்கிறார்கள். தலைகீழாக எடுக்க வேண்டும். முதல் ரயில் தாமதமானாலும் அந்த டிக்கெட்டைப் பயன்படுத்திவிட்டீர்கள். செத்துப்போவது இரண்டாவது டிக்கெட். மாற்றும் வசதிக்குக் கூடுதல் காசு கொடுப்பதானால் அதற்குக் கொடுங்கள். ரயிலுக்குள் இருக்கும்போதே, இணைப்பு தவறப்போகிறது என்று தெரிந்தவுடன், இரண்டாவது ரயில் புறப்படுவதற்குள் செயலியில் மாற்றிவிடுங்கள். பல கட்டண வகைகளில் புறப்பட்டபின் மாற்ற முடியாது.

தாமதமான அன்று ஆதாரம் சேர்ப்பதுதான் முதல் வேலை. ரயில் எண், குறித்த நேரம், வந்த நேரம் மூன்றும் தெரியும்படி படம். பரிசோதகரிடமோ நிலையத்திலோ தாமதச் சான்று, இல்லாவிட்டால் டிக்கெட்டில் ஒரு முத்திரை. "ரத்து செய்" பொத்தானைப் பதற்றத்தில் தொடாதீர்கள். நீங்களாக விலகியதாகப் பதிவாகிவிடும் ஆபத்து உண்டு. தாமதத்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதற்குத் தனி விண்ணப்பம் இருக்கும். வவுச்சர் நீட்டினால், பணமாக வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். கேட்டால் பணமாகத்தான் தர வேண்டும் என்கிறது சட்டம். புகார் கொடுக்க மூன்று மாதம்வரை அவகாசம். ஒரு மாதத்தில் பதில் வர வேண்டும். காரணம் சொல்லி மூன்று மாதம்வரை நீட்டலாம்.

100 நிமிட விதியும் உண்டு. ரயில் புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 100 நிமிடத்துக்குள் மாற்று வழி என்ன என்று நிறுவனம் சொல்லாவிட்டால், நீங்களே வேறு ரயிலிலோ பேருந்திலோ போய்விட்டு, நியாயமான செலவைத் திருப்பிக் கேட்கலாம். டாக்சி இதில் வராது. போட்டி நிறுவனத்தின் ரயில் வரும், அதுதான் இங்கே பயன். ஆனால் 40-ஆவது நிமிடத்திலேயே பொறுமையிழந்து வாங்கிவிட்டால் இந்த உரிமை இல்லை.

தாமதத்துக்குச் சொல்லும் காரணத்தையும் அப்படியே விழுங்காதீர்கள். கடும் வானிலை, தண்டவாளத்தில் ஆள் புகுந்தது போன்றவற்றுக்கு இழப்பீட்டிலிருந்து விலக்கு உண்டு. தங்கள் ஊழியர்களின் வேலைநிறுத்தத்துக்கு இல்லை. தண்டவாள நிர்வாகத்தின் கோளாறுக்கும், அதே தடத்தில் ஓடும் இன்னொரு நிறுவனத்தால் வந்த தடங்கலுக்கும் இல்லை. "முன்னால் போன ரயில் அவர்களுடையது" என்பது உங்களுக்குச் சொல்லத் தகுந்த பதில் அல்ல.

மலிவு டிக்கெட்டில் இன்னொரு ஓட்டை. 4 யூரோ வரையான இழப்பீட்டைத் தரத் தேவையில்லை என்று வரம்பு வைத்துக்கொள்ள நிறுவனங்களுக்கு அனுமதி இருக்கிறது. 15 யூரோ டிக்கெட்டுக்கு 25 சதவீதம் 3.75. ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதமாகியும் கையில் எதுவும் வராது.

அரசு ரயில்வேக்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன: பயணத் தொடர்ச்சி ஒப்பந்தம், சுருக்கமாக ஏ.ஜே.சி. ஜெர்மனியின் டி.பி., ஆஸ்திரியாவின் ஓ.பி.பி., சுவிஸ் எஸ்.பி.பி., பிரான்சின் எஸ்.என்.சி.எஃப் முதலியவை இதில் இருக்கின்றன. பன்னாட்டுப் பயணத்தில், டிக்கெட்டுகள் தனித்தனியாக இருந்தாலும், போதிய இடைவெளி விட்டிருந்தால், தாமதம் செய்த நிறுவனத்திடம் சான்று வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் கூடுதல் கட்டணமின்றி ஏறலாம். இது சட்ட உரிமை அல்ல, சலுகை; இடம் இருந்தால்தான். போட்டிக்கு வந்த தனியார்கள் பொதுவாக இந்த வட்டத்துக்குள் இல்லை. ஆகவே எல்லை தாண்டும் பயணத்தில் இரண்டு துண்டும் இந்த வட்டத்துக்குள் இருந்தால், 10 யூரோ அதிகமானாலும் அது வீண் செலவில்லை.

'தனியார்', 'அரசு' என்ற பெயர்களை வைத்தும் ஏமாறக் கூடாது. ஸ்பெயினில் 2021 மே மாதம் அந்நாட்டு அரசு ரயில்வேயான ரென்ஃபேயோடு மோத வந்த மலிவு ரயில் ஊய்கோ, பிரெஞ்சு அரசு ரயில்வேயின் பிள்ளை. 2022 நவம்பரில் வந்த இரியோவில் டிரெனிதாலியாவுக்குப் பங்கு இருக்கிறது. பக்கத்து நாட்டுக்குப் போனால் அரசு நிறுவனமே சவால்காரன் வேடம் போடும். பிரான்சுக்குள்ளேயே வழக்கமான அதிவேக ரயிலான டி.ஜி.வி. இன்நூயியும் ஊய்கோவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆனால் ஊய்கோவில் பெட்டிக்கு அளவு, கூடுதல் பெட்டிக்குக் காசு, பல நாட்டு ரயில்களில் ஏற உதவும் இன்டர்ரெயில் பாஸ் செல்லாது. பெரிய பெட்டிக்கு வாங்கும்போதே பணம் கட்டிவிடுங்கள், ரயிலடியில் விலை ஏறிவிடும். "லியோன்" என்று போட்டிருந்தால் பார்-தியூவா, செந்த்-எக்சுபெரியா என்று பாருங்கள். பின்னது விமான நிலையத்தில் இருக்கும் ரயில் நிலையம். ஊருக்குள் வர டிராமில் அரை மணி, அதற்குத் தனிக் கட்டணம்.

ஸ்பெயினில் மாட்ரிட் அத்தோச்சாவும் சமார்த்தினும் வெவ்வேறு நிலையங்கள். அதிவேக ரயிலுக்குப் பெட்டிச் சோதனை உண்டு, நுழைவாயிலைப் புறப்படும் நேரத்துக்கு முன்பே அடைத்துவிடுவார்கள். ஓடிவந்து தொற்றிக்கொள்ளும் வேலை அங்கே நடக்காது. ரென்ஃபேயின் ஏ.வி.இ. அதிவேக ரயில் 15 நிமிடம் தாமதமானால் பாதி, 30 நிமிடம் தாமதமானால் முழுக் கட்டணமும் திரும்பும் என்று பல பழைய பயணக் கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். 2024 ஜூலையில் அதை 60, 90 நிமிடம் என்று தளர்த்தினார்கள். வாங்கும் நாளில் என்ன விதியோ அதைத் திறந்து பாருங்கள்.

ஜெர்மனியில் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டைக் காட்டி, ஃபிளிக்ஸ்ட்ரெயின் என்ற தனியார் நெடுந்தூர ரயிலில் ஏற முடியாது. அந்தச் சீட்டு உள்ளூர், வட்டாரப் போக்குவரத்துக்கு மட்டும். டி.பி.யின் மலிவு டிக்கெட்டில், சேருமிடத்துக்கு 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால் குறித்த ரயிலில்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாடு போய்விடும், வேறு டி.பி. ரயிலில் ஏறலாம். அந்தத் தாமதம் ஃபிளிக்ஸ்ட்ரெயினில் தனி டிக்கெட்டில் வந்ததென்றால் இந்தத் தளர்வு கிடைக்காது. ஆஸ்திரியாவில் வியன்னா - சால்ஸ்பர்க் தடத்தில் 2011 டிசம்பர் முதல் ஓடும் வெஸ்ட்பான் என்ற தனியார் ரயிலில் ஓ.பி.பி.யின் 'ஷ்பார்ஷீனே' மலிவு டிக்கெட் செல்லாது. வியன்னாவில் எந்த நிலையம் என்பதும் வண்டிக்கு வண்டி மாறும்: வெஸ்ட்பான்ஹோஃபா, ஹாப்ட்பான்ஹோஃபா என்று டிக்கெட்டிலேயே பாருங்கள்.

போட்டி என்றாலே இப்படித்தான் என்று சொல்பவர்களுக்கு பிரிட்டனைக் காட்டலாம். லண்டன் - எடின்பரோ தடத்தில் எல்.என்.இ.ஆரும் லூமோவும் போட்டி போடுகின்றன. ஆனாலும் எல்லோருக்கும் பொதுவான ஒரே பயண நிபந்தனை இருக்கிறது. ஒரு பயணத்தை இரண்டு மூன்று டிக்கெட்டாகப் பிரித்து வாங்கினாலும், குறித்த குறைந்தபட்ச இணைப்பு நேரத்தை விட்டிருந்தால், அதை ஒரே பயணமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். முதல் ரயில் தாமதமாகி அடுத்தது தவறினால், வேறு நிறுவனத்தின் ரயிலே ஆனாலும், அந்த நிறுவனத்தின் அடுத்த ரயிலில் ஏற்றிக்கொள்வார்கள். டிக்கெட்டுகளை மட்டும் ஒன்றாகக் கையில் வைத்திருங்கள். பரிசோதகர் எல்லாவற்றையும் பார்க்கக் கேட்பார்.