ஹட்டனில் ஒரு கேக் சாமான் கடை: டப்பாவைத் திருப்பிக் காட்டும் முதலாளி

இலங்கை மலையகத்தில் இருக்கிற எங்கள் ஹட்டன் டவுனில் கேக் சாமான் எங்கே வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே கடைதான். பிரதான வீதியிலிருந்து படியிறங்கும் சந்தில், தையற்கடைக்கும் போன் திருத்தும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வெளியில்தான் நிற்க வேண்டும். விலையும் மற்ற இடங்களைவிடக் கூட. அப்படியும் அங்கேதான் போகிறேன். காரணம், அங்கே கலர் விற்கிற விதம்.

வார நாட்களில் நோர்வூட் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறில் பிறந்தநாள் கேக் செய்து கொடுக்கிறேன். தீபாவளி வந்தால் லட்டும் மஸ்கட்டும். அவற்றைச் சாப்பிடுகிறவர்களில் பலர் என்னிடம் படிக்கிற பிள்ளைகள். தோட்டத்தில் கொடுக்கிற தீபாவளி அட்வான்ஸ் கையில் வந்ததும் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எல்லா வீட்டிலும் பூந்தி பொரியும். அந்தப் பூந்திக்குப் போடுகிற செம்மஞ்சள் தூள், பல இடங்களில் பெயரும் இலக்கமும் இல்லாத பொலித்தீன் பொட்டலத்தில்தான் கிடைக்கிறது. அதில் இருப்பது சாப்பாட்டுக்கு அனுமதித்த சாயமா, துணிக்குப் போடுகிற ரோடமைன் பி, மெட்டானில் மஞ்சள் மாதிரி ஏதாவதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது.

இந்தக் கடையில் பொட்டலம் கிடையாது. கம்பனி அடைத்த சின்ன டப்பாதான். கேட்டால் கடை முதலாளி அண்ணன் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுவார். "டீச்சர், இதுல சாயம் எவ்வளவுன்னு பாத்துட்டு வாங்குங்க" என்பார். சாயத்தின் ஈ இலக்கம் (உணவில் சேர்க்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஐரோப்பாவில் கொடுத்த அடையாள எண்), தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, தூளில் எத்தனை வீதம் சாயம், எத்தனை வீதம் உப்போ சீனியோ என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த வீதம் தெரியாவிட்டால் கரண்டியில் அளந்து போடுவதில் அர்த்தமே இல்லை.

கணக்கைப் பாருங்கள். செம்மஞ்சளுக்குப் போடுகிற சன்செட் யெலோ, அதாவது ஈ 110, ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 4 மில்லிகிராம் வரை என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு வரையறுத்திருக்கிறது. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 60 மில்லிகிராம். கால் தேக்கரண்டித் தூள் ஏறக்குறைய ஒரு கிராம். அது முழுக்கச் சாயமாக இருந்து ஒரு கிலோ பூந்தியில் விழுந்தால், 60 கிராம் பூந்தியிலேயே பிள்ளையின் அன்றைய அளவு முடிந்துவிடும். இரண்டு லட்டு சாப்பிட்டால் தாண்டிவிடும். தூளில் பெரும்பகுதி உப்பு என்றால் கதை வேறு. இந்தியாவில் இனிப்புக்கு அனுமதித்த உச்ச அளவு கிலோவுக்கு 100 மில்லிகிராம்தான். எங்கள் வீட்டுக் கால் கரண்டி அதைவிட எவ்வளவு கூட என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த 4 என்ற எண் எப்படி வருகிறது? விலங்குகளுக்குப் பல அளவுகளில் கொடுத்து, கெடுதல் தெரியாத மிகக்கூடிய அளவைக் கண்டுபிடித்து, அதைப் பெரும்பாலும் நூறால் வகுப்பார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்துக்குப் பத்து. ஆகவே ஒரு நாள் அளவு தாண்டினால் உடனே நஞ்சு என்று பயப்பட வேண்டாம். தினமும் ஆயுள் முழுக்கச் சாப்பிட்டாலும் பாதுகாப்பு என்று போட்ட எல்லை அது. இப்போது ஓர் அளவை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், எல்லா அளவுகளின் விளைவையும் ஒரு வளைகோட்டில் பொருத்திக் கணிக்கிற முறையை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை சிபாரிசு செய்கிறது. எனக்கு அதுதான் நேர்மையான முறையாகப் படுகிறது, ஏனென்றால் பரிசோதனையில் கிடைத்த எந்தத் தகவலும் வீணாகாது.

எசன்ஸ் போத்தல்களின் விஷயம் வேறு. வாசனைப் பொருட்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றையும் எலிக்குக் கொடுத்துப் பார்க்க முடியாது. அதனால் மூலக்கூறின் அமைப்பை வைத்து மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 1800, 540, 90 மைக்ரோகிராம் என்று வகுப்புக்கு ஒரு வரம்பு. உடம்புக்குள் போவது அதற்குக் கீழே என்றால் கவலை குறைவு. மரபணுவைத் தாக்கும் சாடை தெரிகிற பொருளுக்கு இந்த வரம்புகள் செல்லாது. அதற்கு மிகமிகக் கடுமையான வரம்பு.

அந்த மரபணுக் கேள்விதான் வெள்ளைக் கலரில் வந்தது. ஐசிங்கைப் பளிச்சென்று வெள்ளையாக்குகிற டைட்டேனியம் டைஒக்சைட், ஈ 171, மரபணுவைப் பாதிக்காது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என 2021இல் ஐரோப்பிய அதிகாரசபை முடிவு செய்தது. 2022இல் அங்கே உணவில் தடை வந்தது. 2023இல், சன்செட் யெலோவுக்கு எல்லை போட்ட அந்த உலக நிபுணர் குழு திரும்ப ஆராய்ந்து, இலக்கத்தில் எல்லை போடத் தேவையில்லை என்ற தன் பழைய நிலையிலேயே நின்றது. அண்ணன் இரண்டு வகை வெள்ளையும் வைத்திருக்கிறார், எது எது என்று கேட்காமலே சொல்கிறார். நான் ஈ 171 வாங்குவதில்லை. வெள்ளை கொஞ்சம் மங்கினால் கேக்குக்கு ஒன்றும் ஆகாது.

குறைகளும் உண்டு. "இயற்கைக் கலர், பயமில்லை" என்று சுவரில் ஒரு நோட்டீஸ். அதைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன், இன்னும் தொங்குகிறது. மஞ்சளிலிருந்து எடுக்கிற குர்குமினுக்கும் ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 3 மில்லிகிராம் என்று எல்லை இருக்கிறது; சன்செட் யெலோவைவிடக் குறைந்த எண் அது. கறிக்குப் போடுகிற மஞ்சள் தூளில் குர்குமின் சில வீதம்தான், அதைப் பற்றிப் பயம் வேண்டாம். ஆனால் இயற்கை என்ற சொல்லைப் பார்த்து அளக்காமல் கொட்டக் கூடாது. கறுவாவும், அதாவது இலவங்கப்பட்டையும், அப்படித்தான். நம் நாட்டுக் கறுவாவில் கூமரின் என்ற இயற்கைப் பொருள் மிகச் சொற்பம், கறுவா மாதிரியே இருக்கிற காசியா பட்டையில் நிறைய. ஈரலைப் பாதிக்கக் கூடியது என்பதால் ஐரோப்பாவில் அதற்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் எல்லை. இந்தக் கடையில் கறுவாவைத் தூளாக விற்பதில்லை. மெல்லிய பட்டைகள் பல சேர்ந்து சுருண்ட குச்சிகளாகவே கிடைக்கும், அதனால் காசியா இல்லை என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அடுத்தது, இறக்குமதி டப்பாக்களில் தமிழ் இல்லை. தோட்டத்திலிருந்து வருகிற அம்மாமார் அதை எப்படி வாசிப்பார்கள்? சாயத்தின் வீதத்தையும், ஒரு கிலோ மாவுக்கு எவ்வளவு போடலாம் என்பதையும் தமிழில் ஒரு துண்டில் எழுதி ஒட்டினால் பெரிய உதவி. எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அண்ணனும் சரி என்றிருக்கிறார்.

ஞாயிறு பின்னேரம் கடை பூட்டு. தீபாவளிக்கு முந்தின வாரம் போனால் கூட்டத்தில் டப்பாவைத் திருப்பிப் பார்க்க அவருக்கும் நேரம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது. அதற்கு முன்னமே போங்கள். காசும் மாற்றியே கொண்டு போங்கள், அங்கே கார்ட் எடுக்க மாட்டார்கள்.