நெறியாளர் பயிற்சி: ஒருநாள் பயிலரங்கா, மாதாந்திரக் கூட்டமா?

முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆய்வு நெறியாளர்களுக்குப் பயிற்சி என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது ஒருநாள் பயிலரங்குதான். பதிவு விதிகள், காலக்கெடு, கருத்துத் திருட்டு, ஆய்வு அறம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். புதிய நெறியாளருக்கு இது தேவைதான். சான்றிதழுக்காக மட்டும் வந்து உட்காருகிறவர்கள் கதை வேறு.

இன்னொரு வழி, ஐந்தாறு நெறியாளர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது. "மாணவர் எதுவும் எழுதித் தருவதில்லை, கேட்டால் இன்னும் படிக்கணும் என்கிறார்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "முழு இயலையும் கேட்காதீங்க. திருத்தாத வரைவாக இரண்டு பக்கம் மட்டும் வாங்கிப் பாருங்க" என்பார் மற்றவர். அது பலித்ததா என்று அடுத்த மாதமே தெரிந்துவிடும். பயிலரங்கில் அந்த அடுத்த மாதம் கிடையாது. எனக்கு இதுதான் பெரிய வித்தியாசமாகப் படுகிறது.

முனைவர் பட்டக் கல்வி பற்றி ஐரோப்பியப் பல்கலைக்கழகச் சங்கம் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட சால்ஸ்பர்க் பரிந்துரைகள் இரண்டையும் ஏற்கின்றன: முறையான பயிற்சியோ, அனுபவப் பகிர்வோ, நெறியாளர்களை வளர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு.

கூட்டத்திலும் சிக்கல் உண்டு. மூத்த பேராசிரியர் ஒருவரே பேசித் தீர்த்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். மாணவர் பெயர் அறையைத் தாண்டக் கூடாது.

மாணவர்களுக்கும் இதே கணக்குதான். எழுதுவது எப்படி என்ற உரையைவிட, வாரந்தோறும் சேர்ந்து உட்கார்ந்து எழுதும் குழு அதிகம் உதவும்.

என்னைக் கேட்டால், விதிகளுக்கு அரைநாள் போதும். மிச்ச நேரமெல்லாம் கூட்டத்துக்கு. ஆனால் அந்த நேரத்தைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்காவிட்டால் சீக்கிரமே நாற்காலிகள் காலியாகிவிடும்.