படலையில் நின்ற ஸ்கூட்டி

லண்டனிலிருந்து ஆறு கிழமை லீவில் யாழ்ப்பாணம் வலிகாமத்து வீட்டுக்குப் போனபோது தங்கச்சிக்கு ஒன்பதாம் மாதம். மூன்றாம் நாள் காலை படலையில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. எங்கள் பகுதிக் குடும்பநல மாது, வீடு வீடாக வந்து கர்ப்பிணிகளைப் பார்க்கிற அரசாங்க மருத்துவிச்சி. நேரே குசினிக்குள் போய், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சத்துமாவான திரிபோசா பைக்கற்றைத் தூக்கிப் பார்த்தார்.

"போன கிழமை தந்தது, அதுக்கிடையில முடிஞ்சுதோ? ஆர் சாப்பிட்டது?"

அம்மா நிலத்தைப் பார்த்தா. தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருட்டி வைத்தால் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கை சும்மா இராது. நானும் இரண்டு உருண்டை தின்றிருந்தேன்.

பிறகு தங்கச்சியிடம் கேட்டார்: "அவர் சனி ஞாயிறிலதானே வவுனியாவால வாறவர்? இரவில வலி வந்தால் ஆற்ற ஓட்டோ?" பக்கத்து வீட்டு ஓட்டோக்காரரின் நம்பரைத் தன் போனில் பதிந்துகொண்டார். அதுவும் சரிவராவிட்டால் 1990 என்ற நம்பருக்கு அடிச்சால் அம்புலன்ஸ் இருக்கு என்றார்.

2019இல் லண்டனில் மகன் பிறந்தபோது, எனக்கே எனக்கான பராமரிப்புத் திட்டம் என்று பக்கம் பக்கமாக நிரப்பினேன். போன ஒவ்வொரு முறையும் புதுமுகம், "முதல் பிள்ளையோ?" என்ற அதே கேள்வி. ஒரே மருத்துவிச்சி கடைசிவரை கூட வரவேண்டும் என்று இங்கிலாந்தில் 2016இல் அறிக்கை வந்தது. ஆள் பற்றாக்குறையால் 2022இல் அதற்கான இலக்கையே கைவிட்டார்கள். இங்கே ஊரில் ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கு ஒரு மாது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை அனுப்புகிறது, ஒரு சதமும் வாங்குவதில்லை.

ஆனால் இந்தக் கவனிப்பெல்லாம் ஆஸ்பத்திரி வாசலோடு சரி. பிரசவ அறைக்குள் தங்கச்சியோடு அம்மாவை விடவில்லை. ஆறு மணித்தியாலம் வெளியே வாங்கில் இருந்தோம். என்ன நடக்கிறது என்று சொல்ல ஒருவருமில்லை. சிகிச்சையில் குறை சொல்லமாட்டேன், தாயும் பிள்ளையும் சுகம். தெரிந்த முகம்தான் இல்லை. அதுக்காகத்தானே சனம் பின்னேரத்தில் அதே ஆஸ்பத்திரி நிபுணரிடம் காசு கட்டிப் பிரைவேட்டில் காட்டுகிறது! மாதுவின் கை அந்த வாசலுக்குள்ளும் எட்டினால் காசுக்கு அங்கே வேலையிராது என்பது என் எண்ணம்.

வீடு வந்து மூன்றாம் நாள் திரும்பவும் ஸ்கூட்டி. தையலைப் பார்த்து, பிள்ளையின் தொப்புளைப் பார்த்து, பால் குடிக்கிற விதத்தையும் பார்த்தார். பிள்ளை பெற்றவளுக்கென்று அம்மா அரைத்த காய மருந்துக்கும் சரக்குக்கறிக்கும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைக்கென்று மூடி வைத்திருந்த சீனித்தண்ணியை மட்டும் எடுத்துக்கொண்டுபோய் வாழையடியில் ஊற்றினார். "ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான் அம்மா." மாமிக்கே பணியாத அம்மா பேசாமல் நின்றா.

போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்கு முப்பத்தைஞ்சு தாண்டீட்டுதெல்லே? புதன்கிழமை சுகவனிதையர் கிளினிக், பொம்பிளையளுக்கு வருத்தம் இருக்கோ எண்டு முன்கூட்டியே பார்க்கிறது."

"நான் வியாழக்கிழமை பிளேன் ஏறவேணும்."

"அது வியாழன்தானே," என்று கொப்பியில் என் பெயரை எழுதினார்.