குவாங்சோவில் நல்ல மேற்கத்திய உணவகம்: நெல்லைப் பக்கத்து வியாபாரிகளுக்கு ஒரு மதிப்புரை

திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமார், மேலப்பாளையத்து வியாபாரிகள், பாளையங்கோட்டையில் மின்சாதனக் கடை நடத்தும் இளைஞர்கள் என்று, சரக்குப் பார்ப்பதற்காகச் சீனாவின் குவாங்சோ நகருக்குப் போய்வருகிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. விசா, விமானம், தங்கும் விடுதி ஆகியவற்றைப் பற்றி அவர்களுக்கு வழிகாட்ட ஆள் இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. குவாங்சோ வட்டாரத்தின் கான்டனீஸ் சமையல் உலகத் தரமானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. ஆனாலும் ஓரிரு நாளுக்குப் பிறகு, தட்டில் இருப்பது என்னவென்று பார்த்தவுடனே தெரிகிற ஒரு சாப்பாட்டை, ரொட்டியும் சூப்பும் உருளைக்கிழங்குமாக, மனம் தேடத் தொடங்கிவிடுகிறது. இந்திய உணவகங்கள் அங்கே இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் வட இந்தியக் குழம்புகளே கிடைப்பதால், நம் நாக்குக்கு அவையும் அயல்நாட்டுச் சாப்பாடுதான். அதனால்தான் அந்த நகரத்தின் மேற்கத்திய உணவகங்களை நான் அக்கறையோடு பார்த்துவருகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உயரமான கட்டடத்தின் உச்சி மாடியையும், வாசலில் தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் பார்த்து உணவகத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தச் சமையலறை யாருக்காகச் சமைக்கிறது என்பதைப் பாருங்கள். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வந்து சாப்பிடும் பழைய இடமும் நன்றாக இருக்கும். அங்கே குடியிருக்கும் ஐரோப்பியர்கள் வார நாளில் மதியச் சாப்பாட்டுக்கு வரும் சிறிய இடமும் நன்றாக இருக்கும். புகைப்படம் எடுத்துக்கொள்ள வருபவர்களுக்காக நடத்தப்படும் இடத்தில் பணம்தான் போகும்.

பழைய இடம் என்றதும் முதலில் சொல்ல வேண்டியது தைப்பிங் குவான். 1757 முதல் 1842 வரை மேற்கத்தியக் கப்பல்கள் வியாபாரம் செய்ய அனுமதிக்கப்பட்ட ஒரே சீனத் துறைமுகமாகக் குவாங்சோ இருந்தது. அதன்பின் 1861-இல் ஷாமியான் என்ற சிறு தீவு ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் குத்தகையாகப் போனது. அந்தத் தீவில் வெள்ளைக்காரர் நிறுவனம் ஒன்றில் சமையல் வேலை பார்த்த ஒருவர், வெளியே வந்து தெருவில் இறைச்சி வறுத்து விற்று, பிறகு 1885-இல் தொடங்கியதுதான் இந்த உணவகம் என்று அதன் வரலாற்றைச் சொல்கிறார்கள். பின்னாளில் சீனாவின் பிரதமரான சூ என்லாய், 1925-இல் டெங் யிங்சாவோவை மணந்துகொண்டபோது விருந்து நடந்ததும் இங்கேதான். இப்போது அது பெய்ஜிங் சாலை என்னும் கடைவீதியில் இருக்கிறது; மெட்ரோ ஆறாவது தடத்தில் பெய்ஜிங் சாலை நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

இங்கே வருபவர்களில் வயதானவர்கள் அதிகம். பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு வந்து, கத்தியும் முள்கரண்டியும் எப்படிப் பிடிப்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கும் தாத்தா பாட்டிகளைப் பார்க்கலாம். இந்த உணவகத்தின் பெயரைத் தூக்கி நிறுத்துவது இளம்புறா வறுவல். தோல் கருஞ்சிவப்பாக, மேலே மெல்லிய பளபளப்போடு வரும். கத்தி வைத்தால் தோல் மொறுமொறுப்பாக விட்டுக்கொடுக்க, உள்ளே இறைச்சி ஈரம் வற்றாமல் இருக்கும். சோயா சாஸின் உப்பும் லேசான இனிப்பும் எலும்புவரை இறங்கியிருக்கின்றன. கத்தி முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையால் பிய்த்துச் சாப்பிடுங்கள். அங்கே எல்லோரும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது போர்த்துக்கீசியக் கோழி. போர்ச்சுகலில் இந்தப் பெயரில் இப்படியொரு பதார்த்தம் கிடையாது. அது மக்காவ் துறைமுகத்தில் பிறந்து, குவாங்சோவுக்கும் ஹாங்காங்குக்கும் பரவியது. கோழித் துண்டுகள், உருளைக்கிழங்கு, வெங்காயம் ஆகியவற்றைத் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் மிதமான மசாலாப் பொடியும் சேர்ந்த குழம்பில் வேகவைத்து, மேல்பக்கம் பொன்னிறமாகும்வரை அடுப்பின் சூட்டில் வாட்டித் தருகிறார்கள். முதல் கரண்டியிலேயே நமக்கு நம் மறுவீட்டு விருந்துச் சொதி நினைவுக்கு வந்துவிடும்: அதே தேங்காய்ப்பாலின் மெல்லிய இனிப்பு, காரம் தலைதூக்காத அதே அடக்கம். எலுமிச்சையும் இஞ்சியும்தான் இல்லை. என்னோடு வந்த டவுன் அண்ணாச்சி ஒருவர், குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டே, "ஏ தம்பி, இது மறுவீட்டுச் சாப்பாடுல்லா!" என்றார். வெள்ளைச் சோறு தனியாகக் கேட்டால் தருவார்கள்; கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பரிமாறுபவர்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. படம் போட்ட பட்டியலைக் காட்டித்தான் வேலை நடக்கும். ஐரோப்பாவில் சாப்பிட்டுப் பழகியவர்கள் அங்கே பிரெஞ்சு சமையலின் துல்லியத்தைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். சூப்பும் சோறும் குழம்புமாக, நூறாண்டுக்கு மேல் அந்த மண்ணில் வேரூன்றி அந்த ஊருக்கே சொந்தமாகிவிட்ட மேற்கத்தியச் சமையல் அது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டு சாப்பிடுகிறவருக்கு, அந்த நகரத்தில் அதைவிட மனநிறைவான மேசை வேறு கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது வகைக்கு, அதாவது ஐரோப்பியர்கள் தங்களவர்களுக்காகச் சமைக்கும் இடங்களுக்கு, யுவேஷியூ வட்டாரத்திலுள்ள ஜியான்ஷே ஆறாம் சாலைக்குப் போக வேண்டும். மெட்ரோ ஐந்தாவது தடத்தில் தாவ்ஜின் நிலையத்தில் இறங்கினால் கிட்டத்தில்தான். மரநிழல் விழும் பழைய குடியிருப்புத் தெரு. கீழ்த்தளங்களில் இத்தாலிய, ஸ்பானிய, மெக்சிகோ பாணிச் சிறு உணவகங்கள். இந்த இடங்களின் பெயர்களை நான் வேண்டுமென்றே குறிப்பிடவில்லை. சீன நகரங்களில் வாடகையும் ரசனையும் மாறும் வேகத்தில் உணவகங்களின் ஆயுள் குறைவு. ஷாங்காயின் ஆற்றங்கரையில் 1999 முதல் கொடிகட்டிப் பறந்த எம் ஆன் தி பண்ட் உணவகம் 2022-இல் மூடப்பட்டுவிட்டது. உணவகங்களுக்கான உயரிய மதிப்பீடான மூன்று மிஷலின் நட்சத்திரம் பெற்றிருந்த, அதே ஊரின் அல்ட்ராவயலட் 2025-இல் கதவை அடைத்தது. அப்பேர்ப்பட்ட இடங்களுக்கே அந்தக் கதி என்றால், தெருமுனைப் பீட்சா கடையின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு போவதில் பயனில்லை. தெருவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடையை அங்கே போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நான் முதலில் பார்ப்பது ரொட்டியை. சீனாவின் பேக்கரி ரொட்டி பொதுவாகப் பஞ்சுபோல் மென்மையாகவும் இனிப்பாகவும் இருக்கும். தேநீருக்கு அது அருமை, சூப்புக்கு ஆகாது. மேசைக்கு முதலில் வரும் ரொட்டியின் மேலோடு கடினமாக, பிய்க்கும்போது சத்தம் கேட்கும்படி இருந்து, அதில் இனிப்பே இல்லாமல் புளிப்பு லேசாகத் தட்டினால், சமையலறையில் இருப்பவருக்குத் தொழில் தெரியும் என்று நம்பி மற்றதையும் கொண்டுவரச் சொல்லலாம். அடுத்தது பட்டியலின் கனம். இரண்டு பக்கப் பட்டியல் வைத்திருக்கும் சிறிய கடை, நாற்பது பக்கப் படப்புத்தகம் வைத்திருக்கும் பெரிய கடையைவிட ஏறக்குறைய எப்போதும் மேல். வார நாட்களில் மதியத்துக்கென்று ஒரு விலையில் சூப், முதன்மைப் பதார்த்தம், காப்பி மூன்றையும் சேர்த்துத் தரும் கடைகள் பல; இரவில் அதே சமையலுக்கு இரு மடங்கு கொடுக்க வேண்டியிருப்பதால், மதியத்தைத் தவறவிடாதீர்கள்.

அந்த நாற்பது பக்கப் படப்புத்தகத்தை வைத்திருந்த ஓர் உணவகத்தை, பெயர் சொல்லாமல், ஒரு எச்சரிக்கையாக விவரிக்கிறேன். குவாங்சோவின் புதிய வணிகப் பகுதியான ஜூஜியாங் புதுநகரத்தின் உயரமான கட்டடம் ஒன்றில், பட்டுத்திரையும் பியானோவுமாக இருந்தது. பீட்சா, ஜப்பானிய மீன், மண்சட்டிச் சோறு எல்லாம் ஒரே பட்டியலில். வந்த பீட்சாவின் சாஸ் ஜாம்போல் இனித்தது. மேலே மக்காச்சோளம் குவிந்திருந்தது. கீரைச் சாலட் என்று வந்ததில் பழத்துண்டுகள் மீது இனிப்பான மயோனைஸ் வழிந்தது. சேவைக் கட்டணத்தையும் சேர்த்து வந்த பில்லுக்கு, ஜியான்ஷே சாலையில் மூன்று பேர் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம். சீனப் பணமான ஒரு யுவான் நம் பணத்தில் 12 ரூபாய்க்கு மேல் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் பார்த்தால் வருத்தம் இன்னும் கூடும். அங்கிருந்து தெரிந்த ஆற்றங்கரைக் காட்சி உண்மையிலேயே அழகானது. அதை ஆற்றங்கரையில் நடந்தே, காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இறைச்சி எவ்வளவு வேக வேண்டும் என்பதைச் சீனத்தில் பத்தில் இத்தனை பங்கு என்று எண்ணால் கேட்பார்கள். மூன்று, ஐந்து, ஏழு என்ற ஒற்றைப்படை எண்களும், முழு வேக்காடும்தான் வழக்கம். நம்மவர்கள் பெரும்பாலும் ஏழு என்றோ முழுவதும் என்றோ சொல்வது நல்லது. சுடச்சுட இரும்புத் தட்டில், மிளகு சாஸ் தெறிக்க, பக்கத்தில் நூடுல்ஸ்போல ஸ்பகெட்டியும் பொரித்த முட்டையுமாக வருவது வேறொரு ஜாதி. அது மலிவு, பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் இறைச்சியை முன்கூட்டியே ஊறவைத்து மென்மையாக்கிவிடுவதால் இறைச்சியின் சொந்தச் சுவை அதில் இருக்காது. மாட்டிறைச்சியைத் தொடாதவர்கள், பாஸ்தாவின் இறைச்சி சாஸிலும் பழுப்பு நிறக் குழம்புகளிலும் அது இருக்கக்கூடும் என்பதால், கேட்காமல் எதையும் வாங்க வேண்டாம்.

செலவைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு சைசெரியா போதுமானது. ஜப்பானிய நிறுவனம், இத்தாலியச் சமையல், சீனாவில் 2003-இல் ஷாங்காயில் கால்பதித்தது, குவாங்சோவில் இப்போது எங்கு திரும்பினாலும் ஒரு கிளை. பல தட்டுகள் 20 யுவானுக்கு உள்ளேயே முடிந்துவிடும். உன்னதமான சமையல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே தரம், சுத்தம். இரவு நேரத்தில் பசியோடு சரக்குச் சந்தையிலிருந்து திரும்புகிறவருக்கு அது பெரிய ஆறுதல்.

குவாங்சோவின் பெரிய வர்த்தகக் கண்காட்சியான கான்டன் கண்காட்சிக்குப் போகிறவர்கள் தனியாகத் திட்டமிட வேண்டும். 1957 முதல் நடக்கும் அந்தக் கண்காட்சி, வசந்த காலத்தில் ஏப்ரல் 15-ஐ ஒட்டியும் இலையுதிர் காலத்தில் அக்டோபர் 15-ஐ ஒட்டியும் தொடங்கி, மூன்று கட்டங்களாக நடக்கிறது. அந்த நாட்களில் கண்காட்சி நடக்கும் பாஜோ பகுதியைச் சுற்றிச் சாப்பிட நினைக்காதீர்கள். கூட்டமும் விலையும் ஒருசேர ஏறிவிடும். எட்டாவது தடத்தில் ஏறி, கேசுன் நிலையத்தில் மூன்றாவது தடத்துக்கு மாறி, ஜூஜியாங் புதுநகரத்தில் ஐந்தாவது தடத்தைப் பிடித்தால் தாவ்ஜின் வந்துவிடும். உணவகங்களைத் தேடுவதற்கு தியான்பிங் செயலி இருக்கிறது. சீன மொழியில்தான் இருக்கும், ஆனாலும் சுவைக்கும் இடத்துக்கும் சேவைக்கும் தனித்தனி மதிப்பெண்ணும், ஒரு ஆளுக்கு ஆகும் சராசரிச் செலவும் போட்டிருப்பதால் எண்களைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்ளலாம். சுவை மதிப்பெண்ணை மட்டும் நம்புங்கள். கூகுள் வரைபடம் அங்கே தடைபட்டிருக்கிறது. நம் ஊர் சிம்மில் ரோமிங் போட்டுக்கொண்டு போனால் திறக்கும் என்றாலும், வழி காட்டுவதற்கு அந்த ஊர் வரைபடச் செயலியே சரியாக இருக்கும். பணம் செலுத்தும் செயலியான அலிபேயில் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையைப் புறப்படும் முன்பே இணைத்துவிடுங்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

கடைசியாக, சைவர்களுக்கும் ஹலால் பார்ப்பவர்களுக்கும். நம் சைவ வேளாளர் வீட்டுப் பெரியவர்கள் குவாங்சோவில் மிகவும் சிரமப்படுவதைப் பார்த்திருக்கிறேன். காய்கறி என்று சொல்லிக் கொண்டுவரும் சீனத் தட்டில் பன்றிக் கொழுப்போ, சிப்பிச் சாறோ, கோழியை வேகவைத்த வடிநீரோ கலந்திருப்பது சாதாரணம். அவர்களுக்கு இத்தாலிய உணவகமே பாதுகாப்பான இடம்: பூண்டும் மிளகாய்வற்றலும் எண்ணெயில் வதக்கிய ஸ்பகெட்டி, தக்காளியும் பாலாடைக்கட்டியும் மட்டும் போட்ட பீட்சா, வறுத்த கத்தரிக்காய். சூப்பை மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் அதில் இறைச்சி வடிநீர் இருக்கக்கூடும். முட்டை சாப்பிடாதவர்கள் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். சீனாவில் சைவம் என்றால் முட்டையும் பாலும் சேர்த்தா சேர்க்காமலா என்ற கேள்வி இருக்கிறது. இறைச்சி, மீன், முட்டை, வடிநீர் எதுவும் வேண்டாம் என்பதைச் சீன எழுத்தில் ஒரு சீட்டாக எழுதிக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு காட்டுவது எந்த மொழிபெயர்ப்புச் செயலியையும்விட வேகமானது. உங்கள் விடுதி வரவேற்பறையில் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள்.

மேலப்பாளையத்துச் சகோதரர்களுக்கு ஷியாவ்பெய் பகுதி இருக்கிறது, தாவ்ஜினுக்கு அடுத்த மெட்ரோ நிலையம். அரபு, ஆப்பிரிக்க வியாபாரிகள் கூடும் அந்தத் தெருக்களில் துருக்கி உணவகங்கள் உண்டு. கண்டிப்பான அர்த்தத்தில் அவை மேற்கத்திய உணவகங்கள் அல்ல என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அடுப்பிலிருந்து எடுத்த கையோடு, ஊதிய பலூனாக மேசைக்கு வரும் அந்த எள்ளு ரொட்டியையும், கூடவே வரும் பருப்பு சூப்பையும் வைத்துப் பார்த்தால், நான் மேலே சொன்ன ரொட்டிச் சோதனையில் அந்த நகரத்திலேயே முதலிடம் இவற்றுக்குத்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த வேளையில் கூட்டம் நெரியும். அதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ போங்கள்.